விரல் நீட்டக் கூடாத மரம்

மரம் வெட்டும் கம்பெனியில் மரத்தைக் காப்பாற்றும் உத்தியோகம் மார்செலினுக்கு. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். கசாப்புக் கடையில் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற வேலைதான் என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

கடல் தாண்டி, இந்த மரத்தில் செய்த கதவையும் மேசையையும் வாங்குகிறவர்களுக்கு மனசாட்சி உண்டாம். காட்டையும் காட்டில் இருப்பவர்களையும் நோகடிக்காமல் வெட்டிய மரம்தானா என்று சான்றிதழ் பார்த்துத்தான் வாங்குவார்களாம். அதற்காகவே ரம்பம் நுழையுமுன் மார்செலின் நுழைய வேண்டும். காட்டையே வீடாகக் கொண்ட பாக்கா குடிகளோடு காட்டைச் சுற்றி, எந்த மரத்தில் தின்கிற புழு விழும், எந்த மரத்தின் கொட்டையில் எண்ணெய் எடுப்பார்கள், எந்த மரத்தடியில் வழிபாடு என்று அவர்கள் காட்டக் காட்ட, அடிமரத்தில் சிவப்புப் பெயின்டால் வளையம் போட வேண்டும். வளையம் போட்ட மரத்தை எவனும் தொட மாட்டான். அந்த விஷயத்தில் கம்பெனியின் மேல் பழி சொல்ல வாய் வராது. காட்டினால் விட்டுவிடுவார்கள். காட்ட முடியாதவன் என்ன செய்வான் என்பதை மட்டும் சட்டம் எழுதியவர்கள் யாரும் யோசிக்கவில்லை.

மழைக்கு முந்திய வறட்சி மாதங்களில் ஒருநாள் யெங்கா முகாமுக்கு வந்தாள். கூடை நிறைய, ஓடையோரத்து ஈரத்தில் பறித்த காளான். வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. பாக்காப் பெண் யெங்காவும் ஊரில் வாழும் பக்வேலே இனத்துப் பெண் மார்செலினும் ஒரே மார்பில் பால் குடித்து வளர்ந்தவர்கள். மார்செலினின் தாய் பிரசவக் காய்ச்சலில் படுத்துவிட, யெங்காவின் தாய்தான் ஒரு பக்கம் மகளையும் மறுபக்கம் இவளையும் போட்டுக்கொண்டாள். ஊரில் பாதிப் பேர் பாக்காக்களைத் தங்கள் வீட்டு நாய்க்குட்டிகளைப்போல “எங்க பாக்கா” என்று சொல்லித் திரிகிற இடத்தில், மார்செலின் மட்டும் யெங்காவை “எங்கூடப் பொறந்தவ” என்பாள். அதற்காகக் கேலியும் வாங்குவாள்.

“காளான் வேணுமா?” என்றாள் யெங்கா.

“காளானுக்கா இவ்ளோ தூரம் நடந்து வந்த, இந்த வயித்தோட? நர்ஸ்கிட்ட போனியா?”

“போனேன். குறுக்கால படுத்திருக்காம். வலி எடுத்தா ஒடனே இங்க வந்துரணுமாம், வண்டியில ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்களாம்.”

“வந்துருவேல்ல?”

“வராம? இதயும் வுட்டுட்டு நான் என்ன பண்ண?” யெங்கா கூடையைக் கிளறினாள். பிறகு தலை நிமிராமலே கேட்டாள். “ரம்பம் இந்த வருசம் எந்தப் பக்கம்?”

“ஓடைக்கு அந்தாண்ட.”

“மேட்டு மேலயுமா?”

“மேட்டு மேலயும்தான்.”

அதற்கு மேல் யெங்கா கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. காளானை மேசைமேல் கொட்டிவிட்டு, காசுகூட வாங்காமல் எழுந்தாள். வாசலில் நின்று, “நீ பாத்துக்கோ, மார்செ” என்றாள். அவ்வளவுதான்.

மேட்டின்மேல், சிவந்த பலகைக்குப் பேர்போன ஒரு சாப்பெல்லி மரம் நின்றது. யெங்காவின் முதல் பிள்ளை பல் முளைக்குமுன் காய்ச்சலில் போனபோது சுவர்போல் எழுந்து நின்ற அதன் பலகை வேர்களுக்கு நடுவில்தான் கிடத்தினார்கள். யெங்காவின் புருசன் லிந்தோவின் குடிக்கு அப்படி ஒரு வழக்கம். மற்றக் குடிகளுக்கு இல்லை, இவர்களுக்கு மட்டும். இலை போட்டு மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அதன்பிறகு அந்த மரத்தைப் பற்றிப் பேச்சே கிடையாது. அந்நியருக்குச் சொல்லக் கூடாது, விரல் நீட்டிச் சுட்டவும் கூடாது. சுட்டினால் தூங்குகிற பிள்ளை எழுந்துகொள்ளும். எழுந்த பிள்ளை தாயைத் தேடி வந்து, அடுத்துப் பிறக்கப்போகும் பிள்ளையின் இடத்தைக் கேட்கும். அன்றைக்கு இலை சுமந்து போனவள் என்பதால் மார்செலினுக்குத் தெரியும். அவளைத் தவிர அந்தக் குடிக்கு வெளியே ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது.

சிவப்பு வளையம் போட முடியாது. வளையம் போட்டால் வரைபடத்தில் ஏறும், ஊர்க்கூட்டத்தில் வாசிப்பார்கள், தலைவர் முதல் சாராயக் கடைக்காரன் வரை “அந்த மேட்டு மரம் யாருது, எதுக்காம்?” என்று கேட்பார்கள். போடாவிட்டால் விழும். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த எறும்பு நன்றாகவே யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தது. அந்த வழிதான் பிறகு அத்தனையையும் கெடுத்தது.

மார்செலினின் கொழுந்தன் சிப்ரியன், மெஷின் ரம்பக்காரன். அண்ணன் ஆற்றில் போனபிறகு அண்ணி வீட்டுக் கூரையை வேய்ந்து கொடுக்கிறவன். வாய் கொஞ்சம் நீளம், மனசு சுத்தம். மேட்டுப் பக்கம் அவன் முறை வந்த அன்று மார்செலினும் கூடவே ஏறினாள்.

“அண்ணி, இதுல வளையம் காணோமே. வெட்டலாம்ல? அப்பாடி, இந்த வட்டாரத்துக்கே இதான் ராணி!”

“இது பொக்கை. வுட்ரு.”

சிப்ரியன் கத்தியின் பின்பக்கத்தால் அடிமரத்தைத் தட்டினான். “பொக்கையா? சர்ச் மணி மாதிரி கேக்குது.”

“பொக்கைன்னா பொக்கை.”

அவன் அண்ணியின் முகத்தைப் பார்த்தான். ஹெல்மெட்டைத் தூக்கித் தலையைச் சொறிந்தான். உள்ளே உளுத்த மரத்தை வெட்டினால் பலகை தேறாது. அதனால் சந்தேகப்பட்ட மரத்தில் ரம்ப நுனியைச் செங்குத்தாக உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். கறுத்த சேறாய் வந்தால் வெள்ளைப் பெயின்டில் பெருக்கல் குறி போட்டு விட்டுவிடுவார்கள். ரம்பம் போன கீறல் சாட்சியாக மரத்தில் இருக்கும்.

“சரி, ஒங்க இஷ்டம். நுனிய மட்டும் லேசா உள்ள வுட்டு எடுத்துர்றேன். சோதிச்ச அடையாளம் வேணும்ல?”

“ரம்பம் படக் கூடாது.”

“ஒரு விரக்கடைதான் அண்ணி. கொஞ்சம் மேலாப்ல...”

“மேலயும் வேணாம், கீழயும் வேணாம். அதும் பக்கத்துல அந்தச் சத்தமே வேணாம்னு சொல்றேன், புரியுதா?”

“ஒங்க காட்டுச் சொந்தத்துல எவனாச்சும் இதுல குடியிருக்கானா?” என்று சிரிக்கப் போனவன், அவள் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினான். முட்டாள் இல்லை. “தப்பாச்சுன்னா என் கழுத்துக்குத்தான் வரும், பாத்துக்குங்க” என்று முணுமுணுத்துக்கொண்டே பெருக்கல் குறியைப் போட்டான். ரம்பத்தை முடுக்காமல் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மரத்துக்கு நடந்தான்.

மார்செலினுக்கு அன்று வந்த நிம்மதிக்கு அளவில்லை. பெருக்கல் குறி போட்ட மரத்தை யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்? யெங்காவிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. வழியில் பார்த்தபோது தலையை மட்டும் அசைத்தாள். யெங்கா பதிலுக்கு வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தாள்.

முதல் மேகம் கூடுகிற சமயத்தில் சான்றிதழ்த் தணிக்கைக்காரி வந்தாள். அன்னெக்கே என்று பெயர், ஹாலந்துக்காரி. வருசா வருசம் வருகிறவள். வெள்ளைக்காரி என்று ஏமாற்ற முடியாது. வறுத்த புழுவை மிளகாயோடு தின்பாள், ஓடையில் இறங்குவாள், கூலிக்காரன் குடிசைக்குள் குனிந்து நுழைந்து “தண்ணி வருதா?” என்று கேட்பாள். நல்லவள். இந்தக் கதையில் கெட்டவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். அதுதான் கேடு.

“இந்தத் தடவ வளையத்தப் பாக்கல, பெருக்கல் குறி போட்ட மரத்தப் பாக்கணும்” என்றாள் அன்னெக்கே முதல் நாளே. முகாம் மேலாளர் எவினா சிரித்த முகத்தோடு தலையாட்டினார். ஆனால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். போன வருசம் வேறொரு காட்டில் நல்ல மரங்களுக்குப் பெருக்கல் குறி போட்டு விட்டுவைத்திருந்தார்கள். கம்பெனி அந்தப் பக்கத்தை முடித்துவிட்டுப் போனதும், கள்ள ரம்பக்காரர்கள் வந்து அறுத்து ஆற்றுக்கு அக்கரையில் விற்றுவிட்டார்கள். அன்றிலிருந்து நல்ல மரத்தில் பெருக்கல் குறி என்றால் திருட்டுக்கு வைத்த அடையாளம் என்றுதான் அர்த்தம். இது காட்டில் திரிகிற மார்செலினுக்குத் தெரியாது. அலுவலகத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

அன்னெக்கே சீட்டுக் குலுக்கி மரங்களைத் தேர்ந்தாள். மேட்டு மரமும் அதில் வந்தது.

வழிகாட்டியாகக் கம்பெனி அமர்த்தியிருந்தது லிந்தோவை. அவனைவிட்டால் அந்தக் காட்டில் நேர்வழி தெரிந்தவன் யார்? முன்னால் லிந்தோ, பின்னால் அன்னெக்கே, எவினா, சிப்ரியன், கடைசியில் மார்செலின். முதல் இரண்டு மரங்களும் உண்மையிலேயே உளுத்தவை. மேடு ஏற ஏற லிந்தோவின் நடை சுருங்கியது. மரத்துக்குச் சற்று இப்பாலேயே நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கொடியை வெட்ட ஆரம்பித்தான். வழியில் அந்தக் கொடி யாருக்கும் இடைஞ்சலாக இல்லை.

அன்னெக்கே மரத்தைச் சுற்றி வந்தாள். பட்டையைத் தடவினாள். மறுபடி சுற்றினாள்.

“சோதிச்ச கீறல் எங்க?”

எவினா சிப்ரியனின் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கி அடிமரத்தில் ஓங்கித் தட்டினார். அந்தச் சத்தம் மேடெல்லாம் கேட்டது. பொக்கை மரம் அப்படிச் சத்தம் கொடுக்காது என்பது பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

“எவனுக்குடா வச்சிருந்த?” என்றார் எவினா. குரல் ஏறவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “அக்கரைக்காரனுக்கா?”

“பொக்கைன்னு நெனச்சேன் சார்.”

“நெனச்சானாம்! மீச மொளைச்ச நாள்லேர்ந்து மரம் வெட்றவன் நெனச்சானாம்! மேடம், நீங்க பாத்துக்கிட்டே இருங்க, இவன இன்னிக்கே போலீஸ்ல குடுக்கறேன். கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.”

“குடுங்க சார்” என்றான் சிப்ரியன். அண்ணியின் பக்கம் ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. திரும்பியிருந்தால், “அண்ணிதான் சொன்னா” என்று கத்தியிருந்தால், அவளுக்கு அவன்மேல் ஒரு கோபமாவது வந்திருக்கும். அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டு வாயை மூடியிருப்பாள். அவன் சும்மா நின்றான். அவன் வீட்டில் அத்தனை வாய்கள். கள்ள மரக் கேசில் உள்ளே போனவன் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்ததை அந்த ஊர் பார்த்திருக்கிறது.

“நான்தான் சொன்னேன் சார்” என்றாள் மார்செலின்.

“நீயா?”

“இது பொக்கை இல்ல. அவன் திருடனும் இல்ல. இது... ஒரு குடும்பத்தோட மரம்.”

அன்னெக்கே பக்கத்தில் வந்தாள். “அப்புறம் ஏம்மா வளையம் போடல? ஒன் வேலையே அதானே?”

“போட முடியாது மேடம்.”

“ஏன்?”

மார்செலின் லிந்தோவின் முதுகைப் பார்த்தாள். எவினா, “பாத்தீங்களா, ரெண்டும் கூட்டு!” என்றார். சிப்ரியனின் சட்டையைப் பிடித்தார். அப்போது அவள் வாயிலிருந்து அந்தச் சொல் விழுந்தது.

“கொழந்த. கொழந்த ஒண்ணு இருக்கு இங்க.”

எவினா சட்டையை விட்டார். அன்னெக்கே ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். அவள் கண்கள் நிஜமாகவே கலங்கின. குரலைத் தணித்து, “எந்தப் பக்கம்மா? தெரியாம மிதிச்சிரக் கூடாதில்ல?” என்று கேட்டாள்.

அதைவிட மரியாதையான கேள்வி உலகத்தில் உண்டா? மார்செலினின் கை தானாகவே உயர்ந்தது. விரல் நீண்டது. மூன்று தலைகள் அந்தப் பக்கம் திரும்பின. தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது விரலைப் பார்த்தபிறகுதான் அவளுக்கு உறைத்தது. கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். நீட்டியதை இழுத்தால் நீட்டாததாகிவிடுமா?

லிந்தோ கொடி வெட்டுவதை நிறுத்தியிருந்தான். கம்பெனி கொடுத்த ஹெல்மெட்டையும் கத்தியையும் தரையில் வைத்தான். யாரையும் பார்க்கவில்லை. இறங்கிப் போனான்.

“இதுக்காகத்தான் இந்தச் சான்றிதழே இருக்கு” என்றாள் அன்னெக்கே. வளையம் போடச் சொன்னாள். சுற்றிலும் எந்த மரத்தையும் தொடக் கூடாது, பாதையைக்கூடத் தள்ளிப் போட வேண்டும் என்று கட்டளையிட்டாள். எவினா எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். சிப்ரியனின் தோளைத் தட்டிக்கூடக் கொடுத்தார். பெயின்ட் டப்பா வந்தது. சிப்ரியன் வளையம் போடுவதைப் பார்த்துக்கொண்டு மார்செலின் அங்கேயே நின்றாள். ஓடியிருக்க வேண்டும். அப்போதே லிந்தோவின் பின்னால் ஓடியிருக்க வேண்டும்.

அவள் பாக்கா குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை பிடித்துவிட்டது. இலைக் குடிசைகள் அப்படியே இருந்தன. அடுப்புச் சாம்பல் சுட்டது. உரலில் பாதி இடித்த கீரை கிடந்தது. மனிதர் ஒருவரும் இல்லை.

“யெங்கா!” என்று கத்தினாள். “யெங்கா, என்னையத் திட்டு, அடி, கொல்லு! இந்த வயித்தோட போவாதடி! நர்ஸ் சொன்னாள்ல, குறுக்கால படுத்திருக்குன்னு சொன்னாள்ல!”

காட்டில் மழை விழுகிற சத்தத்துக்கு மேல் அவள் குரல் போகவில்லை.

பிள்ளை எழுந்துவிட்டது, தாயைத் தேடுகிறது, அது கண்டுபிடிக்க முடியாத தூரத்துக்குப் போக வேண்டும். அந்தக் குடியின் கணக்கு அதுதான். அதை மூடத்தனம் என்று எவினா சொன்னார், நர்ஸ் சொன்னாள், ஊர்த் தலைவர் சொன்னார். மார்செலினும் மனசுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். சொல்லி என்ன? தன் பிள்ளையைக் காப்பாற்றத்தானே ஓடுகிறாள் பாவி. மார்செலினும் சிப்ரியனும் தெரிந்த தடமெல்லாம் தேடினார்கள். ஆறு நிரம்பி, மரப்பாலத்தை அடித்துக்கொண்டு போயிற்று. அதற்கு அப்பால் போக வழியில்லை. நர்ஸ் வண்டியைத் தயாராக வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு ஒருநாள் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

தணிக்கை முடிவு வந்தது. சான்றிதழ் நீடித்தது. மேட்டு மரத்தைப் பற்றி அன்னெக்கே உருகி எழுதியிருந்தாளாம். “ஒன் பேரு அங்க வரைக்கும் போயிருச்சு போ” என்று எவினா மார்செலினின் கையைக் குலுக்கினார். வீட்டுக்கு வந்து அவள் அந்தக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது, எல்லோர்மேலும், முக்கியமாகத் தன்மேல்.

காட்டு மாங்காய் விழுகிற பருவத்தில், பெரிய ரோட்டு ஓரச் சந்தையில், உடைத்த கொட்டைகளை விற்க வந்திருந்தான் லிந்தோ. ஆள் பாதியாகியிருந்தான். தனியாக இருந்தான். மார்செலின் எதிரில் போய்க் குத்தவைத்தாள். கேட்கப் பயந்து, கேட்காமல் இருக்கவும் முடியாமல், “எங்க அவ?” என்றாள்.

லிந்தோ கொட்டைகளை இலையில் கட்டிக்கொண்டே சொன்னான். “ஆத்தத் தாண்டி நடக்கறப்பவே வலி வந்துருச்சு. ரெண்டு பகல் கத்தினா. கையி மட்டும் வெளிய வந்துச்சு, கொழந்த வரல.”

“ரெண்டும்...?”

“ரெண்டும்தான்.”

மார்செலின் தலையில் கை வைத்துக்கொண்டாள். வாய்விட்டு அழுதாள். சந்தையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாக்காக்காரிக்கு இப்படி அழுகிற பக்வேலேக்காரியை அவர்கள் பார்த்ததில்லை. லிந்தோ தடுக்கவுமில்லை, தேற்றவுமில்லை. அவள் அடங்கும்வரை இருந்தான். அந்த அளவு மரியாதை கொடுத்தான்.

“எங்க வச்சிருக்க அவள?” என்றாள் மார்செலின். “ஒரே பால் குடிச்சவ நான். ஒரு கை எலையாவது போட்டுட்டு வரேன். எங்கன்னு மட்டும் சொல்லு, அண்ணே.”

லிந்தோ முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான். கோபம் இல்லை அந்த முகத்தில். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

“ஒனக்குச் சொன்னா, அங்கயும் வந்து பெயின்ட் அடிச்சிருவாங்க, மார்செ.”

லிந்தோ கூடையை முதுகில் ஏற்றி, நார்ப்பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தான். அவன் எந்தத் தடத்தில் காட்டுக்குள் இறங்குகிறான் என்பது தன் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று, மார்செலின் முகத்தைச் சந்தைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.